ஒரு காசு எங்கே போனது? மிதவைப் புள்ளி எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பிற்பகல்களில் சிங்கப்பூரின் தோ பாயோ பக்கம் ஒரு சிறு குழுவுக்குத் தமிழில் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள், நில அளவை தெரிந்தவர் ஒருவர் என்று கலவையான கூட்டம். மூன்றாவது வகுப்பு முடிவதற்குள் யாராவது மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “இது ஏன் இப்படி வருகிறது?” என்று கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளும் ஒரு வால். கணினி பின்னங்களை வைத்துக்கொள்ளும் விதமான மிதவைப் புள்ளி எண்தான், சுருக்கமாக ஃபுளோட், அதற்குக் காரணம். வாராவாரம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்களுடையவை, எரிச்சல் என்னுடையது.

0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. என் கணினியில் கோளாறா?

இல்லை. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று எந்த நிரல்மொழியில் போட்டுப் பார்த்தாலும் இதே விடைதான். கணினி கூட்டுவதில் தவறவில்லை. நீங்கள் தட்டிய 0.1 உள்ளே போகும்போதே 0.1-ஆக இல்லை.

நம் பழைய எண்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பின்னங்கள் இரண்டு குடும்பங்களாக இருக்கும். அரை, கால், அரைக்கால், மாகாணி ஒரு குடும்பம்: ஒன்றைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கிக் கிடைப்பவை. 1/2, 1/4, 1/8, 1/16. மா, காணி, முந்திரி இன்னொரு குடும்பம்: 1/20, 1/80, 1/320. இவற்றின் கீழ் எண்ணுக்குள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. கணினி முதல் குடும்பத்தை மட்டும் படித்த பிள்ளை. பாதியாக்கத் தெரியும், ஐந்தாகப் பங்கிடத் தெரியாது. பத்தில் ஒன்று வேண்டுமென்றால் 1/16, 1/32, 1/256, 1/512 என்று பாதியின் பாதிகளை அடுக்கிக்கொண்டே போகும், முடிவே வராது. நாம் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுதி எங்காவது கையை எடுத்துவிடுகிறோம் இல்லையா, அதைப் போல அதுவும் 53 இரும இலக்கங்களில் (0, 1 மட்டும் உள்ள இலக்கங்கள்) நிறுத்திவிடுகிறது. அப்படி நின்ற 0.1-இன் உண்மையான மதிப்பு இது:

0.1000000000000000055511151231257827021181583404541015625

பையில் இருக்கும் சில்லறையைக் கொட்டிப் பாருங்கள். ஒரு காசு நாணயத்தை வெளியிடுவது 2002-இல் நின்றுபோனது. இப்போது கையில் புழங்குபவை 5, 10, 20, 50 காசு, ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர், 100 காசு). ஐந்து காசு என்பது வெள்ளியில் சரியாக ஒரு மா. பத்துக் காசு இருமா, இருபது காசு நாலுமா. இந்த மூன்றையும் வெள்ளிக் கணக்கில் எழுதினால் கணினியால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. ஐம்பது காசும் ஒரு வெள்ளியும் மட்டும் அப்படியே நிற்கும்.

அப்படியானால் 0.1 என்று மட்டும் தட்டினால் 0.1 என்றே திரையில் வருகிறதே?

அது அச்சிடும்போது காட்டும் மரியாதை. உள்ளே இருக்கும் எண்ணைத் திரும்பத் தட்டினால் அதே எண் கிடைக்கும்படியான மிகக் குறுகிய தசம வடிவத்தைத் தேடிக் காட்டுவது இப்போதைய வழக்கம், பைத்தான் 3.1 பதிப்பிலிருந்து இப்படித்தான். 0.1-க்கு அந்த வடிவம் 0.1. கூட்டி வந்த விடையோ 0.3-க்கு உரிய எண்ணுக்கு அடுத்த எண்ணில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் வாலோடு வருகிறது.

“மிதவை” என்ற பெயர் எதற்கு? எத்தனை இலக்கம் வரை நம்பலாம்?

டபுள் என்று நாம் சொல்லும் வழக்கமான மிதவை எண்ணுக்கு 64 பிட், அதாவது 64 இரும இலக்க இடம். ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு, 11 அடுக்குக்கு (புள்ளி எந்த இடத்தில் என்று சொல்வது), 52 இலக்கங்களுக்கு. முன்னால் எழுதாமலே விளங்கும் ஒரு 1 இருப்பதால் இலக்கம் 53 ஆகிறது. தசமத்தில் 15 முதல் 17 இலக்கம் வரும். 32 பிட் ஃபுளோட்டில் 24 இரும இலக்கம்தான். தசமத்தில் ஏறக்குறைய 7.

எண்ணின் அளவுக்கு ஏற்பப் புள்ளி இடம் மாறும், இலக்கங்களின் எண்ணிக்கை மாறாது, அதுதான் மிதப்பது. சிறிய பொருளை வைத்தால் நகைக்கடைத் தராசு, பெரியதை வைத்தால் அரிசி மூட்டைத் தராசு. இரண்டும் ஒரே தட்டில், தானே மாறிக்கொள்ளும். டபுளில் 1-க்கு அடுத்த எண் 0.00000000000000022 தள்ளி இருக்கிறது. பத்து கோடிக்கு அடுத்தது 0.000000015 தள்ளி. 10,000,000,000,000,000-க்கு அடுத்தது 2 தள்ளி. அங்கே ஒற்றைப்படை எண்களே கிடையாது.

1985-க்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தனக்குத் தோன்றிய விதத்தில் கணக்குப் போட்டது. அந்த ஆண்டு வந்த ஐஇஇஇ 754 தரநிலைதான் ஒழுங்குபடுத்தியது. அதற்குப் பெரிதும் உழைத்த பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான் 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்றார். அந்தத் தரநிலையின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எதுவானாலும், முடிவில்லாத் துல்லியத்தோடு கணக்கிட்டுப் பிறகு ஒரே ஒரு முறை கிட்டிய எண்ணுக்கு முழுதாக்கியது போன்ற விடையைத் தர வேண்டும். “ஃபுளோட் சும்மா ஏதோ ஒரு எண்ணைத் தரும்” என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அது தரும் ஒவ்வொரு தவறான காசையும் தாளில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கீழே சொல்கிறேன்.

பில்லில் ஒரு காசு குறைகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நானே மாட்டிக்கொண்ட கதை.

2023-இல் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். உணவகங்களுக்கு வாழை இலை, கறிவேப்பிலை, தேங்காய் அனுப்புகிற கடை. ஒவ்வொரு வரிக்கும் பொருள், சேவை வரியைச் சேர்த்து, கீழே மொத்தம். ஓராண்டு ஒரு புகாரும் இல்லை. 2024 ஜனவரி முதல் தேதி வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. ஒரே ஓர் எண்ணை மாற்றினேன், புத்தாண்டு விடுமுறைக்குக் கிளம்பினேன்.

இரண்டாவது வாரம் கடை அண்ணன் கூப்பிட்டார். மேசையில் இரண்டு பில்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். ஒன்றில் 3.50 வெள்ளிக்கு வரி 0.32. இன்னொன்றில் ஒரு கட்டு வாழை இலை, 5.50 வெள்ளி, வரி 0.49, மொத்தம் 5.99. வாங்கிய உணவகத்தின் கணக்காளர் 6.00 என்று வைத்திருக்கிறார், இரண்டும் ஒத்துப்போகவில்லை.

“தம்பி, மூன்றரை வெள்ளிக்கு ஒன்பது விழுக்காடு முப்பத்தொன்றரைக் காசு. அரை வந்ததும் மேலே தள்ளி முப்பத்திரண்டு போட்டிருக்கிறது, சரி. ஐந்தரை வெள்ளிக்கு நாற்பத்தொன்பதரை. அதை மட்டும் ஏன் கீழே இறக்கியது? உன் மெஷினுக்கு ஆள் பார்த்துக் கணக்குப் போடத் தெரியுமா?”

பதில் சொல்ல முடியாமல் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். இரவு உட்கார்ந்து பார்த்தபோது விளங்கியது. 0.09 உள்ளே போகும்போது ஒரு மயிரிழை குறைகிறது: 0.08999999999999999667 போல. அதை 5.50-ஆல் பெருக்கி முழுதாக்கினால் வருவது 0.49499999999999999556. திரையில் அச்சிட்டால் 0.495 என்றே காட்டும், ஆனால் உள்ளே அரைக்கு ஒரு நூல் கீழே. பைத்தானின் ரவுண்ட் செயற்கூற்றில் இரண்டு இலக்கத்துக்குக் கொடுத்தால் 0.49. மூன்றரை வெள்ளியைப் பெருக்கும்போது, அந்த இடத்தில் கிட்டிய எண் 0.315-க்கு ஒரு நூல் மேலே இருக்கிறது. முழுதாக்கல் அங்கே கொண்டுபோய் விட்டது. அதனால் 0.32.

அந்த இரவு அரை வெள்ளியில் முடியும் விலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 0.50, 2.50, 4.50, 5.50 நான்கும் ஒரு காசு குறைவு. 1.50, 3.50 சரி. பார்க்க ஒழுங்கே இல்லாதது போலிருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் 53 இலக்கத்தில் அரைக் காசு என்ற வரப்பின் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் கணக்கு. பிழை ஒரு காசில் கோடானுகோடியில் ஒரு பங்கு. வரப்பின் மேல் நிற்கிறவனைத் தள்ள அதுவே போதும்.

ஓராண்டு முழுதும் ஏன் இது தலைகாட்டவில்லை என்பது இன்னும் சுவையான செய்தி. கடைசிக் கேள்வியில் வருகிறது.

சரி, பணத்தை எப்படித்தான் வைத்துக்கொள்வது?

காசில். முழு எண்ணாக. ஐந்தரை வெள்ளி என்பது 550. வரி: 550-ஐ 9-ஆல் பெருக்கினால் 4950, 50-ஐக் கூட்டி 100-ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் 50. முடிந்தது. வெள்ளியாகக் காட்டுவது அச்சடிக்கும் வரியில் மட்டும். கடை நிரலை இப்படித்தான் திருத்தினேன். மொத்தத்தில் பதினோரு வரி மாற்றம்.

உள்ளே வரும் எண்ணிலும் கவனம் வேண்டும். 1.15 வெள்ளியை 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 115 காசு வரும் என்றுதான் நினைப்போம். பெருக்கினால் வருவது 114.99999999999999, முழு எண்ணாக்கும்போது பின்னத்தை வெட்டிவிட்டு 114 கையில் தரும். எழுத்தாக வந்த விலையைப் புள்ளியில் உடைத்து வெள்ளியையும் காசையும் தனித்தனியாக எடுங்கள்.

எண்ணைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும் வகைகள், தரவுத்தளத்தில் டெசிமல் அல்லது நியூமரிக் வகைப் பத்தி, பைத்தானில் டெசிமல் தொகுப்பு, இவையும் நல்ல வழிகளே. ஒரு குழி உண்டு: டெசிமலுக்கு 0.1 என்ற ஃபுளோட்டைக் கொடுத்தால் மேலே பார்த்த நீண்ட வாலைத் துல்லியமாகப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். மேற்கோள்குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும்.

முழு எண்ணுக்கு மாறிய பிறகும் மத்திய சேமநிதிக் கணக்கில் ஒரு வெள்ளி உதைக்கிறது.

இது ஃபுளோட்டின் தவறில்லை, பாவம், அதைத் திட்டாதீர்கள். மத்திய சேமநிதி என்பது ஊழியரும் முதலாளியும் ஆளுக்கொரு பங்கு கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பு. 55 வயதுக்கு மேற்படாத ஊழியருக்கு இரு பங்கும் சேர்ந்து சம்பளத்தில் 37 விழுக்காடு. சம்பளம் 1,250 வெள்ளி என்றால் 462.50. சேமநிதி விதிப்படி மொத்தத்தில் 50 காசோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த வெள்ளி: 463. ஊழியர் பங்கு 20 விழுக்காடு, அதில் காசை விட்டுவிட வேண்டும்: 250. மீதி 213 முதலாளி பங்கு.

பைத்தானின் ரவுண்ட் 462.5-ஐ 462 ஆக்கும். சரிபாதியில் நின்றால் கிட்டிய இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் விதி. எப்போதும் மேலே தள்ளினால் நீண்ட பட்டியலில் மொத்தம் வீங்கிவிடும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதிதான். ஆனால் உங்கள் முதலாளி கட்டவேண்டியது சேமநிதி விதிப்படி. எந்த முழுதாக்கல் என்பதை மொழியின் வழக்கத்துக்கு விடாமல் நீங்களே எழுதுங்கள்.

இரண்டு ஃபுளோட்களைச் சமமா என்று ஒப்பிடக் கூடாது என்கிறார்களே?

“ஒருபோதும் கூடாது” என்பது மிகை. நீங்கள் வைத்த 0-ஐ 0-ஓடு ஒப்பிடலாம், 0.5-ஐ 0.5-ஓடு ஒப்பிடலாம். கணக்கிட்டு வந்த எண்ணை ஒப்பிடும்போதுதான் இடைவெளி விட வேண்டும். பைத்தானில் இரண்டு எண்கள் போதிய அளவு நெருக்கமா என்று பார்க்க மேத் தொகுப்பின் இஸ்குளோஸ் இருக்கிறது. வழக்கமாக நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு எண்ணின் அளவைப் பொறுத்தது. ஒரு பக்கம் 0 இருந்தால் வித்தியாசம் என்பதே மற்ற எண் முழுதும்தான், அதன் நூறு கோடியில் ஒரு பங்கு எப்படிப் போதும்? 0-ஐத் தவிர எதுவும் ஒத்துப்போகாது. அங்கே இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்று தனியே ஓர் அளவு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் தொழிலுக்குத் தெரியும், நிரல் தொகுப்புக்குத் தெரியாது.

பதினாறாவது இலக்கத்தில் பிழை இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

பிழை தங்கிப் பெருகும் இடத்தில் நட்டம்தான். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடிக் கணக்கில் எண்ணி, 1/10-ஆல் பெருக்கி நொடியாக்கியது. அதன் 24 பிட் பதிவகத்தில் 1/10 வெட்டுப்பட்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் 0.000000095 நொடி குறைவு. நம் இருமா அங்கேயும்! 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் 36 லட்சம் துடிப்பு, கடிகாரம் 0.34 நொடி பிசகியது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுக்க வேண்டியதை அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 பேர் இறந்தார்கள்.

வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீடு 1982-இல் 1000.000-இல் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாகக் கணக்கிட்டு, மூன்று தசம இலக்கத்துக்குப் பின் வந்ததை முழுதாக்காமல் வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524.811 என்று காட்டியது. சரியாகக் கணக்கிட்டால் 1098.892. சந்தை ஏறியிருக்க, பலகை மட்டும் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. இதில் இரும எண்ணுக்குப் பங்கில்லை, எப்போதும் ஒரே பக்கம் தள்ளும் வெட்டுக்குத்தான் பங்கு.

கணிதப்படி சரியான சூத்திரம், ஆனால் விடை 25 விழுக்காடு தவறு. எப்படி?

வகுப்பில் இதைக் காட்டும்போது எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ப² − 100,000,000ப + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாடு. சிறிய மூலம் ஏறக்குறைய 0.00000001. பள்ளியில் படித்த சூத்திரத்தை டபுளில் அப்படியே போட்டால் 0.00000000745 வரும்.

என்ன நடக்கிறது? வர்க்கமூலத்தின் உண்மை மதிப்பு பத்து கோடிக்கு 0.00000002 குறைவு. ஆனால் அந்த உயரத்தில் டபுளின் படிகள் 0.000000015 இடைவெளியில்தான் இருக்கின்றன. வர்க்கமூலம் பக்கத்துப் படியில் போய் நிற்கிறது. அதுவரை பெரிய தவறில்லை. பத்து கோடியில் அந்தப் பிசகு ஒன்றுமே இல்லை. அடுத்து பத்து கோடியிலிருந்து அதைக் கழிக்கிறோம். நல்ல இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, கையில் மிஞ்சுவது அந்தப் பிசகு படிந்த ஒரே ஒரு படி மட்டும். கழித்தல் துல்லியமாகத்தான் நடந்தது. ஏற்கெனவே இருந்த அழுக்கை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

மருந்து எளிது. இரண்டு மூலங்களின் பெருக்கல் 1 என்பது தெரியும். கழித்தல் வராத பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடித்து, 1-ஐ அதால் வகுங்கள். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு எண்களைக் கழிக்கும் வரியைப் பார்த்தால் நான் அங்கேயே பேனாவை வைத்து வட்டம் போட்டுவிடுவேன்.

கூட்டலிலும் இதன் தம்பி உண்டு. 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999. நீண்ட பட்டியலைக் கூட்டும்போது ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்ந்த தூளைத் தனிக் கிண்ணத்தில் சேர்த்து அடுத்த முறை திரும்பப் போடுகிற வழியைக் கஹான் 1965-இல் எழுதினார். பைத்தானில் தூள் உதிராமல் கூட்டித் தர எஃப்சம் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், கிண்ணம் வாங்க வேண்டாம்.

வரைபடத்தில் டெலிவரி வண்டி தாவித் தாவிப் போகிறது. கிழக்கு மேற்காக மட்டும்!

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சிங்கப்பூருக்கே உரிய அழகான சிக்கல் இது. நம் அட்சரேகை 1.35 அளவு, தீர்க்கரேகை 103.8 அளவு. இரண்டையும் அவர் 32 பிட் ஃபுளோட்டில் வைத்திருந்தார். 1-க்கும் 2-க்கும் இடையே ஃபுளோட்டின் படி 0.00000012 பாகை, தரையில் 1.3 சென்டிமீட்டர். 64-க்கும் 128-க்கும் இடையே படி 0.0000076 பாகை, நிலநடுக்கோட்டருகே இருக்கும் நமக்கு அது 85 சென்டிமீட்டர். ஒரே பெட்டி, ஒரே வகை எண். வடக்கே தெற்கே நகைக்கடைத் தராசு, கிழக்கே மேற்கே மூட்டைத் தராசு.

டபுளுக்கு மாற்றினால் படி மீட்டரில் நூறு கோடியில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். அவருடைய கருவியில் நினைவகம் குறைவு என்றார். அப்போது நில அளவை தெரிந்தவர் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: “எஸ்விஒய்21-இல் வையுங்களேன்.” தீவுக்கென்றே உள்ள மீட்டர் ஆயத்தொலை முறை அது, எண்கள் பல்லாயிரக் கணக்கிலேயே நிற்கும். 28,000 மீட்டர் அளவில் 32 பிட் ஃபுளோட்டின் படி 2 மில்லிமீட்டர், 38,000-இல் 4 மில்லிமீட்டர். வண்டிக்கு அது தாராளம். துல்லியம் போதாதபோது பெரிய எண் வகையைத் தேடுவதற்கு முன், தொடங்கும் புள்ளியை அருகில் நகர்த்த முடியுமா என்று பார்க்கலாம் என்பதை அன்று அவரிடமிருந்து நானும் கற்றேன்.

முழு எண்களுக்காவது பயமில்லையா?

டபுளில் 9,007,199,254,740,992 வரை, அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கு வரை, எல்லா முழு எண்களும் இருக்கும். அதற்கு அடுத்த ஒற்றைப்படை எண் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் டபுள்தான். 9007199254740993 என்று தட்டினால் 2-இல் முடியும் எண் திரும்பி வரும். 32 பிட்டில் எல்லை 16,777,216. அதோடு ஒன்றைக் கூட்டினால் அதே எண். எண்ணிக்கொண்டே போகும் கருவி அங்கே வந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கடன் அட்டை எண்ணை எண்ணாகவே ஒட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ போகாத எண் எண்ணே இல்லை, எழுத்து. அப்படியே சேமியுங்கள்.

என்ஏஎன் என்று வந்து எல்லா விடையையும் கெடுக்கிறது.

“எண் இல்லை” என்பதற்கான எண். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலோ முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தாலோ பிறக்கும். தொட்டதையெல்லாம் தன்னைப் போல ஆக்கும். தனக்குத் தானே சமமில்லாத ஒரே மதிப்பு. அது முதலில் எங்கே பிறந்தது என்று தேடுங்கள், கடைசியில் வழித்துவிட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோ 16 பிட்டிலேயே ஓடுகின்றனவே, அவற்றுக்கு மட்டும் துல்லியம் வேண்டாமா?

அங்கே நூறு கோடிக் கணக்கான எடைகளில் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) ஒவ்வொன்றும் தோராயமாக இருந்தால் போதும், எவ்வளவு பெரிய, எவ்வளவு சிறிய எண் வரை போகலாம் என்ற வீச்சுதான் முக்கியம். பிஃபுளோட்16 வகையில் அடுக்குக்கு 8 பிட் கொடுத்துவிட்டு இலக்கத்துக்கு 7 மட்டும் வைத்திருக்கிறார்கள். 256-உடன் 1-ஐக் கூட்டினால் அதில் 256-தான். அதனால் பெருக்கலைச் சிறிய வகையில் செய்தாலும் கூட்டிச் சேர்ப்பதை 32 பிட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். இந்த மாதிரிகள் ஓடும் வரைகலைச் செயலியில் (ஜிபியு) இரண்டு முறை ஓட்டினால் கடைசி இலக்கங்கள் மாறி வருவதற்கும் காரணம் கூட்டலின் வரிசை மாறுவதுதான்.

என் பழைய கைக்கணிப்பானில் 0.1 + 0.2 சரியாக 0.3 வருகிறதே?

பெரும்பாலான கைக்கணிப்பான்கள் தசமத்திலேயே கணக்கிடும். அதற்கு மா, காணி குடும்பம் தெரியும். மூன்றில் ஒன்றைக் கேட்டால் அதுவும் விழிக்கும்.

2023 முழுதும் அந்தக் கடை நிரல் ஒழுங்காக ஓடியது எப்படி? எந்த எண்களைக் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும்?

வரி 8 விழுக்காடாக இருந்த அந்த ஓராண்டில் அரைக் காசு என்பதே பிறக்கவில்லை. விலை எத்தனை காசானாலும் அதில் 8 விழுக்காடு என்பது காசை 2-ஆல் பெருக்கி 25-ஆல் வகுப்பது. மீதி 25-இல் ஒரு பங்காகத்தான் வரும். 25-இன் சரிபாதி பன்னிரண்டரை, முழு எண்ணில்லை. அரைக்கு மிகக் கிட்டே வந்தாலும் 0.48 அல்லது 0.52 காசில் நின்றுவிடும். வரப்புக்கு இவ்வளவு தள்ளி நிற்பவனை ஃபுளோட்டின் நூல்பிழை என்ன செய்யும்? 9 ஆனதும், 50 காசில் முடியும் ஒவ்வொரு விலையும் வரப்பின் மேல் ஏறியது. 2022 வரை இருந்த 7 விழுக்காட்டிலும் அப்படித்தான். ஆனால் 0.07 உள்ளே போகும்போது ஒரு மயிரிழை கூடுகிறது, அதனால் ஓராண்டு முன்னால் அந்த வேலையை எடுத்திருந்தாலும் மாட்டியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து பில் நிரலைச் சோதிக்க 0.50 முதல் 99.50 வரை நூறு விலைகளையும் ஓட்டுகிறேன். சம்பளத்துக்கு 50-இல் முடியும் தொகைகள், காசாக்கும் இடத்துக்கு 1.15, 4.35. கடை அண்ணன் தம் பங்குக்கு இன்னும் ஒரு சோதனை வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு பில்லை எடுத்துப் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். குண்டூசி டப்பா மேசையில்தான் இருக்கிறது.